வோலா மைதானம், 1669: போலந்து யாரைத் தேர்ந்திருக்க வேண்டும்?

1669-ம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் 22 வயது இளைஞர் ஒருவர், போலந்துக்கு அடுத்த மன்னர் யார் என்பதை வடிவியல் தேற்றம் போல நிறுவிக் காட்ட உட்கார்ந்தார். ஒன்றை நிறுவி, அதை வைத்து அடுத்ததை நிறுவி, அறுபது படிகள் ஏறினார். கடைசிப் படியில் நின்ற பெயர் நொய்பூர்க் கோமகன் பிலிப் வில்ஹெல்ம். எழுதியவர் லைப்னிட்ஸ், பின்னாளில் நுண்கணிதத்தைக் கண்டவர்களில் ஒருவர். தம் புரவலர் பாய்னபூர்க் பிரபு கேட்டுக்கொண்டதால், போலந்தோடு ஒரே மன்னரின் கீழ் இணைந்திருந்த லித்துவேனியாவைச் சேர்ந்தவர் ஒருவர் எழுதியது போன்ற புனைபெயரில் அதைச் செய்தார். நூல் அச்சாகி வெளியே வருவதற்குள் தேர்தல் முடிந்துவிட்டது.

அதே மாதங்களில் போலந்திலும் ஒருவர் வேட்பாளர்களைத் தராசில் நிறுத்திக்கொண்டிருந்தார். நாட்டின் துணைச் சான்சலரும் ஆயருமான ஆந்த்ஷெய் ஒல்ஷோவ்ஸ்கி. அவருடைய சிறுநூல் ஒவ்வொரு அந்நிய வேட்பாளராக எடுத்து, குறை சொல்லிக் கழித்தது. நம் மண்ணில் பிறந்தவனே போதும் என்று முடித்தது. இது நேரத்தோடு வந்தது, கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டது. 1669 ஜூன் 19 அன்று வார்சாவுக்கு வெளியே வோலா மைதானத்தில் கூடிய பிரபுக்கள் 29 வயது மிஹாவ் கோரிபுட் விஷ்னியோவியெத்ஸ்கியை மன்னராக்கினார்கள். நாலரை ஆண்டுகூட நிறையாத ஆட்சி அது. 33 வயதில் அவர் இறந்தபோது நாட்டின் தென்கிழக்கு வாசல் துருக்கியர் கையில் இருந்தது.

போலந்து வரலாற்றில் மிகப் பலவீனமான மன்னர்களில் ஒருவர் என்று மிஹாவை ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை. தேர்வு தவறு என்றால், சரியான தேர்வு எது? அதைச் சொல்லாமல் தேர்ந்தவர்களைக் குறை சொல்லக் கூடாது. ஆகவே அந்த மைதானத்துக்கே போவோம். நீங்கள் குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு நடுத்தரப் பிரபு என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் ஒரு குரல் உண்டு. அன்று தெரிந்ததை மட்டும் வைத்து முதலில் எடைபோடுவோம். பிறகு நடந்ததையும் சேர்த்துப் பார்ப்போம்.

என்ன தேவைப்பட்டது?

மன்னர் யான் கஸிமியெஷ் 1668 செப்டம்பர் 16 அன்று முடியைத் துறந்தார். அவர் ஆட்சியில் நாடு பட்ட பாடு கொஞ்சமில்லை. 1648-ல் உக்ரைனின் போர்க்குடிகளான கொசாக்குகளின் எழுச்சி. 1655-ல் ஸ்வீடன் படையெடுப்பு. போலந்துக்காரர்கள் அதை இன்றும் ‘வெள்ளம்’ என்றே சொல்கிறார்கள், அப்படி நாடு முழுக்க மூழ்கியது. பிறகு ரஷ்யப் போர். 1667 ஜனவரியில் அந்திருசோவோ உடன்படிக்கையில் ஸ்மோலென்ஸ்க்கும் தினீப்பர் ஆற்றின் இடது கரை உக்ரைனும் கைவிட்டுப் போயின. கீவ் நகரம் தற்காலிகமாக என்று சொல்லிக் கொடுக்கப்பட்டுத் திரும்பவே இல்லை.

இதற்கு நடுவே உள்நாட்டுப் போர் வேறு. அரசி லூயிஸ் மரி பிரான்சில் பிறந்தவர். மன்னர் உயிரோடு இருக்கும்போதே அடுத்த மன்னரைத் தேர்ந்துவிட வேண்டும், அதுவும் பிரெஞ்சு இளவரசராக இருக்க வேண்டும் என்று அவர் விடாமல் முயன்றார். அதை எதிர்த்துத் தளபதி லுபோமிர்ஸ்கி 1665-ல் கிளர்ந்தார். 1666 ஜூலையில் மோன்ட்வி என்ற இடத்தில் போலந்துப் படையே போலந்துப் படையை வெட்டிச் சாய்த்தது. இந்த ஒரு நிகழ்ச்சியை மறந்துவிட்டால் 1669 விளங்காது. மைதானத்தில் நின்றவர்களில் பலருடைய அண்ணன் தம்பிகள் மூன்றாண்டுக்கு முன்தான் அங்கே செத்திருந்தார்கள். அவர்கள் காதில் ‘பிரெஞ்சு வேட்பாளர்’ என்ற சொல் எப்படி விழுந்திருக்கும்?

தெற்கே புகை கிளம்பியிருந்தது. வலது கரைக் கொசாக்குகளின் தலைவர் பெத்ரோ தொரொஷென்கோ ஒட்டோமான் சுல்தானின் நிழலுக்குப் போய்க்கொண்டிருந்தார். துருக்கி ஒரு நாள் வரும் என்பது ரகசியமல்ல. வந்தால் முதலில் முட்டுவது தென்கிழக்கு மாநிலமான பொதோலியாவின் கோட்டை நகரம் காமியெனியெட்ஸ்.

ஆக, புதிய மன்னரிடம் மூன்று கேள்விகள் கேட்டிருக்க வேண்டும். துருக்கியோடு போர் வந்தால் நடத்தத் தெரியுமா? தோற்ற அணி இவருக்குக் கீழ்ப்படியுமா? நம் உரிமைகளைப் பறிக்காமல் இருப்பாரா? மைதானத்தில் உரக்கக் கேட்கப்பட்டது மூன்றாவது கேள்வி மட்டும்தான். என் வருத்தமெல்லாம் அதைப் பற்றித்தான்.

தேர்தல் நடக்கும் விதம்

பள்ளம் வெட்டி எல்லை போட்ட திறந்த வெளி. நடுவில் மரத்தால் கட்டிய ஒரு பெரிய கொட்டகை, செனட்டர்களுக்கு. ஆயர்கள், மாநில ஆளுநர்கள், அமைச்சர்கள் எல்லாரும் அதற்குள். வெளியே ஒவ்வொரு மாநிலத்துப் பிரபுக்களும் தத்தம் கொடியின் கீழ் குதிரைகளோடு நிற்பார்கள். சொந்தமாக ஒரு காணி நிலமே உள்ள ஏழைப் பிரபுவுக்கும், ஆயிரம் கிராமங்களுக்குச் சொந்தக்காரருக்கும் ஒரே ஓட்டு. மாநிலம் மாநிலமாகப் பெயர் சொல்வார்கள். எல்லாரும் ஒரே பெயருக்கு வந்து சேர்ந்த பிறகு, நாட்டின் தலைமைப் பேராயர் மன்னரை அறிவிப்பார். ஐரோப்பாவில் வேறெங்கும் இவ்வளவு பேருக்கு மன்னரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்ததில்லை. அந்தப் பெருமை அவர்களுக்கு இருந்தது, இருந்ததில் தப்பும் இல்லை.

ஆனால் அந்தக் கொட்டகைக்கும் மைதானத்துக்கும் இடையே நம்பிக்கை அறுந்திருந்தது. செனட்டர்கள் வெளிநாட்டுப் பணம் வாங்கிவிட்டார்கள் என்பது வெளியே நின்றவர்களின் உறுதியான எண்ணம். பலர் உண்மையிலேயே வாங்கியிருந்தார்கள். ஜூன் நடுவில் பொறுமை இழந்த கூட்டம் கொட்டகையைச் சூழ்ந்து துப்பாக்கியால் சுட்டது. பெரிய மனிதர்கள் ஒளிய இடம் தேடி ஓடினார்கள். அந்தக் கூட்டத்தில் நின்ற யான் பாசெக் என்ற பிரபு இதையெல்லாம் தம் நினைவுக்குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். அதைப் படிக்கும்போது தெரிவது கோபம் மட்டுமல்ல. நம்மை விற்றுவிடுவார்கள் என்ற பயமும் தெரிகிறது. மிஹாவ் தேர்வானது அந்தப் பயத்தில்தான்.

இனி வேட்பாளர்கள்.

கோந்தே

போர்த் திறமை ஒன்றுதான் அளவுகோல் என்றால் ஒப்பீடே தேவையில்லை. 21 வயதில் ரொக்ருவாவில் ஸ்பெயினின் பெயர்பெற்ற காலாட்படையை உடைத்த பிரெஞ்சு இளவரசர் கோந்தே, அந்தத் தலைமுறையின் மிகப் பெரிய படைத்தலைவர்களில் ஒருவர். பேராயர் பிராஷ்மோவ்ஸ்கி, பெருந்தளபதி யான் சொபியெஸ்கி, கருவூல அமைச்சரும் கவிஞருமான மோர்ஷ்தின் எல்லாரும் உள்ளுக்குள் அவர் பக்கம்.

ஆனால் அவர் இறந்துபோன அரசியின் ஆள். மோன்ட்வியின் ரத்தம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிரான்சிலும் சொந்த மன்னரை எதிர்த்துப் போரிட்டு, பல ஆண்டுகள் ஸ்பெயினுக்காக வாள் எடுத்தவர். படை நடத்தத் தெரிந்த, அடங்கிப் பழகாத ஒருவரைப் பிரபுக்கள் விரும்புவார்களா? ஜூன் 6 அன்று பிரபுக்கள் கூச்சலிட்டே அவர் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்க வைத்தார்கள். நான் அங்கிருந்தால் நானும் நீக்கத்தான் சொல்லியிருப்பேன். நாட்டைப் பாதியாகப் பிளந்து வைத்துக்கொண்டு துருக்கியரை எதிர்க்க முடியாது.

மாஸ்கோ இளவரசரும் கிறிஸ்டினாவும்

இவர்களைச் சீக்கிரம் கடந்துவிடலாம். ஜார் அலெக்ஸேயின் மகனைத் தேர்ந்தால் இழந்த கிழக்கு நிலங்கள் ஒப்பந்தத்திலேயே திரும்பக்கூடும் என்று லித்துவேனியாவில் சிலர் கணக்குப் போட்டார்கள். பையனுக்கு வயது 15. கத்தோலிக்கராக மாற வேண்டும், அதற்கு ஜார் சம்மதிக்கப் போவதில்லை. 1670 ஜனவரியில் அந்தப் பையன் இறந்தும் போனான். ஸ்வீடனின் முடியை 1654-ல் துறந்து, கத்தோலிக்கராகி ரோமில் வாழ்ந்த கிறிஸ்டினாவுக்குப் போப்பின் ஆதரவு இருந்தது. ஸ்வீடனையும் போலந்தையும் ஆண்ட வாசா குலத்தின் வாரிசு என்ற உரிமையும் இருந்தது. ஒரு முடியைத் தானாகக் கழற்றி வைத்தவரிடம் இன்னொன்றைக் கொடுக்க யாரும் முன்வரவில்லை.

நொய்பூர்க்

லைப்னிட்ஸ் தேர்ந்தவர். வயது 53, கத்தோலிக்கர், அமைதியானவர், சிறிய நாடு ஒன்றை ஒழுங்காக நடத்திப் பழகியவர். முதல் மனைவி போலந்தின் வாசா குலத்து இளவரசி, முடி துறந்த யான் கஸிமியெஷின் தங்கை. அதனால் அந்நியர் என்றும் முழுக்கச் சொல்லிவிட முடியாது.

அவருடைய பெரிய பலம் வேறு. பிரான்சு அவரை வெளிப்படையாக ஆதரிப்பதாக வாக்குக் கொடுத்திருந்தது, மனத்துக்குள் கோந்தேயை வைத்துக்கொண்டுதான். ஜெர்மன் அரசான பிராண்டன்பூர்க்கும் ஆதரவு. ஜெர்மானியப் பேரரசர் இருந்த வியன்னாவுக்கும் அவர் மேல் பகை இல்லை. அதாவது இவர் வந்தால் எந்தப் பெரிய அரசும் தோற்றதாக நினைக்காது. பிரெஞ்சுக் கட்சிக்காரர்கள் வேண்டாவெறுப்பாகவேனும் பணிந்திருப்பார்கள். நான் மேலே சொன்ன இரண்டாவது கேள்விக்கு, தோற்றவர்கள் கீழ்ப்படிவார்களா என்பதற்கு, எல்லாரிலும் நல்ல பதில் இவர்தான்.

முதல் கேள்விதான் இடிக்கிறது. துருக்கியரோடு மோதிய அனுபவம் இல்லை. வீடு நிறையப் பிள்ளைகள், அவர்களில் பலர் ஆண்கள். மகனுக்கு அரியணையைக் கைமாற்றப் பார்ப்பார் என்று பிரபுக்கள் பயந்தார்கள். போலந்து மொழியும் தெரியாது.

லொரேன்

சார்ல்ஸ், வயது 26. லொரேன் நாட்டு ஆட்சி இவருக்கு வர வேண்டியது. பெரியப்பா 1662-ல் அந்த வாரிசுரிமையைப் பிரெஞ்சு மன்னருக்கு எழுதிக் கொடுத்துவிட்டதால், இவர் வியன்னாவுக்குப் போய்ப் பேரரசரின் படையில் சேர்ந்தார். கையில் நாடில்லை, பணமில்லை. ஒல்ஷோவ்ஸ்கி போன்றவர்களுக்கு அது பெரிய குறையாகத் தெரிந்தது.

எனக்கு அதுவே நிறையாகத் தெரிகிறது. நொய்பூர்க்குக்குத் திரும்பிப் போக ஒரு நாடிருந்தது. கோந்தேக்கு பிரான்சு இருந்தது. 1573-ல் முதன்முதலாகப் பிரபுக்கள் எல்லாரும் கூடித் தேர்ந்த பிரெஞ்சு இளவரசர் ஆன்றி, அண்ணன் இறந்த செய்தி கேட்டதும் இரவோடிரவாக க்ராக்கோவிலிருந்து ஓடிப்போன கதை போலந்தில் எல்லாருக்கும் தெரியும். திரும்பப் போக இடமில்லாதவன் இருக்கிற இடத்தைக் காப்பான். லொரேனுக்கு போலந்தை விட்டால் வேறு கதியில்லை.

அதைவிட முக்கியமான ஒன்று: 1664 ஆகஸ்டில் ஹங்கேரி எல்லையில், செயின்ட் காட்ஹார்ட் மடத்தருகே பேரரசரின் படை துருக்கியப் படையைத் தோற்கடித்தது. அந்தக் களத்தில் குதிரைப்படையில் நின்று போரிட்டவர் இந்த சார்ல்ஸ். எதிர்த்து வந்த துருக்கியப் படையின் தலைவர் பெருமந்திரி கொப்ருலு ஃபாஸில் அகமது. எட்டாண்டு கழித்து சுல்தானோடு காமியெனியெட்ஸுக்கு வரப்போகிற அதே ஆள். வேட்பாளர் பட்டியலில் அவரைக் களத்தில் நேரில் பார்த்திருந்தவர் இவர் ஒருவர்தான்.

குறைகளும் இருந்தன. வியன்னாவின் ஆள் என்ற முத்திரை அழியாது. இவரை மன்னராக்கினால் பிரான்சு பகையாகும், பேராயரும் சொபியெஸ்கியும் எதிர்ப்பார்கள். லித்துவேனியாவின் பாட்ஸ் குடும்பம் முழு மூச்சாக ஆதரிக்கும். சொபியெஸ்கிக்கும் பாட்ஸ்களுக்கும் ஆகாது. இதையெல்லாம் மனத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேண்டியிருக்கும்.

மிஹாவ்

நம் மண்ணில் பிறந்த வேட்பாளரை ‘பியாஸ்ட்’ என்பார்கள். போலந்தின் முதல் அரசகுலத்தின் பெயர் அது. சக்கரம் செய்யும் எளிய மனிதன் ஒருவனிடமிருந்து தோன்றியதாக அந்தக் குலத்துக்குக் கதை உண்டு. ஜூன் 19 அன்று மாநிலக் கொடிகளின் கீழே பியாஸ்ட், பியாஸ்ட் என்ற முழக்கம் எழுந்தது. எந்த பியாஸ்ட் என்ற கேள்விக்குப் பதிலாக வந்த பெயர் விஷ்னியோவியெத்ஸ்கி. கொஞ்ச நேரத்துக்கு முன்வரை அது யார் நாக்கிலும் பெரிதாக இருக்கவில்லை.

ஏன் அந்தப் பெயர்? அப்பா யெரெமி விஷ்னியோவியெத்ஸ்கி. தினீப்பருக்கு அப்பால் லுப்னியைத் தலைநகராக வைத்து ஒரு குட்டி ராஜ்யத்தையே ஆண்டவர். 1648-ல் கொசாக்குகளிடம் அத்தனையையும் இழந்தார். அடுத்த ஆண்டு ஸ்பராஷ் கோட்டையைப் பல மடங்கு பெரிய படைக்கு எதிராக விடாமல் காத்து நின்றார். 1651-ல் முகாமிலேயே நோயில் இறந்தார். உக்ரைனில் அவர் பெயர் கொடுமைக்கு அடையாளம். போலந்துப் பிரபுக்களுக்கோ மாவீரர். கிழக்கே நிலத்தை இழந்து அகதிகளாக வந்த பிரபுக்கள் மைதானத்தில் நிறைய நின்றார்கள். அவர்கள் பார்வையில் மிஹாவும் ஓர் அகதியின் பிள்ளை. நம்மைப் போலவே எல்லாம் போனவன், மீட்காமல் விடமாட்டான் என்று நம்பினார்கள். இந்த நம்பிக்கையை நான் குறைத்து மதிக்கமாட்டேன்.

மிஹாவின் கையில் காசில்லை. அரசி லூயிஸ் மரி கொடுத்த உதவித்தொகையில் வளர்ந்தவர். வெளிநாடுகளில் படித்தார், எட்டு மொழிகள் தெரியும் என்பார்கள். தேர்வானதும் பிரபுக்கள் வண்டியும் குதிரையும் வெள்ளிப் பாத்திரமும் விலையுயர்ந்த விரிப்புகளும் கொண்டுவந்து குவித்ததை பாசெக் வியப்போடு சொல்கிறார். விடிந்தபோது ஏழை, அடுத்த விடியலில் செல்வர்.

படை நடத்தியதில்லை. எந்தப் பதவியிலும் இருந்ததில்லை. அதற்காகவே பிடித்துப்போனது: இவரால் நம் உரிமையைப் பறிக்க முடியாது.

இதோடு ஒரு குடும்ப விவகாரமும் இருந்தது. அன்று அதைப் பலரும் கணக்கில் சேர்க்கவில்லை என்று தோன்றுகிறது. மிஹாவின் அம்மா கிரிஸெல்டா, ஸாமோய்ஸ்கி குடும்பத்துப் பெண். அவருடைய தம்பி யான் ஸாமோய்ஸ்கி 1665-ல் பிள்ளையில்லாமல் இறந்தார். தம்பியின் பிரெஞ்சு மனைவி மரி கஸிமிர் சில வாரங்களிலேயே யான் சொபியெஸ்கியை மணந்துகொண்டார். ஸாமோஷ்ச் நகரமும் அதைச் சேர்ந்த பெரும் சொத்தும் யாருக்கு என்று நாத்தனாருக்கும் விதவைக்கும் சண்டை மூண்டது. கிரிஸெல்டா சொத்தைக் கைப்பற்றிக்கொண்டார். இப்போது அந்த நாத்தனாரின் மகன் மன்னர். அந்த விதவையின் புதுக் கணவர் நாட்டின் பெருந்தளபதி. படை மொத்தமும் யார் சொல்லைக் கேட்குமோ, அவர் வீட்டில் மன்னரின் பெயரைச் சொன்னாலே முகம் சுளிக்கும் நிலை.

அன்றைய தராசு

அன்று தெரிந்ததை மட்டும் வைத்துப் பார்த்தாலே மிஹாவ் மூன்றில் ஒரு கேள்விக்குத்தான் பதில். நொய்பூர்க் இரண்டுக்கு அரைகுறையாக. லொரேன் முதல் கேள்விக்கு முழுதாக, மூன்றாவதுக்கு ஓரளவு. சொந்தப் பணமோ படையோ இல்லாதவரால் பிரபுக்களின் உரிமையைத் தொட முடியாது. இரண்டாவது கேள்வியில் லொரேன் சறுக்குவார், மிஹாவும் சறுக்குவார். என் குரல் அந்த மைதானத்திலேயே லொரேனுக்குத்தான்.

நடந்ததைச் சேர்த்தால்

செப்டம்பர் 29-ல் க்ராக்கோவில் முடிசூட்டு விழா. அதைத் தொடர்ந்து கூடிய நாடாளுமன்றத்தை, ஒரே உறுப்பினரின் மறுப்பே போதும் என்ற விதியை வைத்து, கீவ் மாநிலத்து ஓலிஸார் உடைத்தார். முடிசூட்டு நாடாளுமன்றம் ஒன்று இப்படி உடைந்தது அதுவே முதல் முறை. மிஹாவின் ஆட்சியில் கூடிய ஆறு நாடாளுமன்றங்களில் நான்கு உடைந்தன. நாடாளுமன்றம் உடைந்தால் வரி இல்லை, வரி இல்லாவிட்டால் படை இல்லை.

1670 பிப்ரவரி 27 அன்று செஸ்தகோவாவில் மிஹாவுக்கும் பேரரசர் லியோபோல்டின் தங்கை, 16 வயது எலியனோராவுக்கும் திருமணம் நடந்தது. எலியனோரா மணக்க விரும்பியிருந்தது லொரேன் சார்ல்ஸை. இந்தத் திருமணத்தால் பிரான்சின் பகை வந்தது, வியன்னாவின் ஆள் என்ற பெயரும் வந்தது. லொரேனைத் தேர்ந்தால் என்னென்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று பயந்தார்களோ, அத்தனையையும் மிஹாவைத் தேர்ந்துவிட்டும் கொடுத்தார்கள். அந்த விலைக்குக் கிடைக்க வேண்டிய போர்வீரன் மட்டும் கிடைக்கவில்லை. இந்த ஒப்பீட்டில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். 1672-ல் ஆபத்து வந்தபோது மைத்துனரிடமிருந்து பெரிய உதவியும் வரவில்லை.

தோற்ற அணி தோல்வியை ஏற்கவே இல்லை. பேராயர் பிராஷ்மோவ்ஸ்கி தாமே முடிசூட்டிய மன்னரை இறக்கிவிட்டு, லோங்வில் கோமகன் என்ற பிரெஞ்சு இளைஞரைக் கொண்டுவர பாரிசோடு பேசிக்கொண்டிருந்தார். சொபியெஸ்கியும் அதில் உண்டு. அந்த லோங்வில் 1672 ஜூன் 12 அன்று ரைன் ஆற்றைக் கடக்கும்போது டச்சுக்காரர்களின் குண்டில் செத்தார்.

அதே கோடையில் சுல்தான் நான்காம் மெஹமது நேரில் புறப்பட்டார். காமியெனியெட்ஸ் பார்க்கப் பயமூட்டும் இடம். ஸ்மோத்ரிச் ஆறு ஆழமான பாறைப் பிளவாக நகரத்தைச் சுற்றி ஏறக்குறைய முழு வட்டம் போட்டு ஓடுகிறது. ஒரு குறுகலான பாலம், அதன் மறுமுனையில் கோட்டை. இயற்கையே கட்டிக்கொடுத்த அரண். உள்ளே இருந்த காவல் படை சுமார் 1,500 பேர். வெளியே பல பதினாயிரம். பீரங்கிகள் பாறையின் மறுபக்கத்து மேட்டில் ஏறியதும் அரணின் பயன் போய்விட்டது. ஒன்பது நாள். ஆகஸ்ட் 27-ல் நகரத்தை ஒப்படைக்கும் நேரத்தில் கோட்டையின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பல நூறு பேர் செத்தார்கள். நகரின் பேராலயத்தைத் துருக்கியர் மசூதியாக்கி, முகப்பருகே ஒரு மினாரெட் கட்டினார்கள். 1699-ல் நகரம் திரும்பியபோது அதை இடிக்கவில்லை. பின்னர் உச்சியில் மரியாள் சிலையை ஏற்றி வைத்தார்கள். இன்று உக்ரைனில் இருக்கும் அந்த நகரத்தில் அது அப்படியே நிற்கிறது.

எல்விவ் நகரம் 80,000 தாலர் தருவதாக ஒப்புக்கொண்டு தன்னைக் காத்துக்கொண்டது. அக்டோபரில் சொபியெஸ்கி சிறு குதிரைப்படையோடு, துருக்கியருக்குத் துணையாக வந்த தாத்தார் கூட்டங்களைத் துரத்தித் துரத்தி அடித்து, அடிமைகளாக இழுத்துச் செல்லப்பட்ட ஆயிரக்கணக்கானோரை விடுவித்தார். அதே நாட்களில், துருக்கியரை எதிர்க்க என்று அழைக்கப்பட்ட பிரபுக்களின் படை லுப்லினுக்கு அருகே கோவொம்ப் என்ற ஊரில் கூடியது. கூடியவர்கள் தெற்கே போகவில்லை. மன்னரைக் காக்கும் கூட்டணி என்று அறிவித்துக்கொண்டு, பேராயரையும் சொபியெஸ்கியையும் துரோகிகளாக நடத்தினார்கள். நாட்டின் இரண்டு படைகள் இரண்டு திசையில். அதே வாரத்தில் புச்சாச் ஊரில் மன்னரின் தூதர்கள் பொதோலியாவை சுல்தானுக்கும் வலது கரை உக்ரைனைத் தொரொஷென்கோவுக்கும் எழுதிக் கொடுத்து, ஆண்டுதோறும் கப்பம் கட்டச் சம்மதித்துக் கையெழுத்திட்டார்கள். போலந்து கப்பம் கட்டும் நாடானது.

மிஹாவுக்கு நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1673 வசந்தத்தில் இரு அணிகளும் சமாதானமாயின. மிஹாவ் பழிவாங்கப் பிடிவாதம் பிடிக்கவில்லை, எதிரியான சொபியெஸ்கியிடமே போரை ஒப்படைத்தார். அந்த ஆண்டு நாடாளுமன்றம் உடையாமல் நிறைவேறியது. புச்சாச் ஒப்பந்தத்தை ஏற்க மறுத்தது, பெரும்படைக்கு வரி போட்டது. மன்னரே படையோடு கிளம்பி, எல்விவில் நோயில் விழுந்து, நவம்பர் 10 அன்று இறந்தார். மறுநாள், உறைபனியில், தினீஸ்தர் கரையில் ஹோச்சிம் முகாமை உடைத்து சொபியெஸ்கி துருக்கியப் படையை அழித்தார். அந்தப் படை மிஹாவின் ஆட்சியில் திரட்டப்பட்ட படை. வெற்றியின் பெயர் முழுக்க சொபியெஸ்கிக்குப் போய், அடுத்த ஆண்டு அவருக்கே முடியையும் வாங்கிக்கொடுத்தது.

லொரேன் மன்னராகியிருந்தால்?

எல்லாம் மாறியிருக்கும் என்று சொல்லமாட்டேன். ஒற்றை மறுப்பு விதி அவருக்கும் நாடாளுமன்றங்களை உடைத்திருக்கும். பிரான்சின் பணம் பேராயருக்குத் தொடர்ந்து வந்திருக்கும். 1,500 பேரை வைத்துக்கொண்டு காமியெனியெட்ஸை அவராலும் காத்திருக்க முடியாமல் போயிருக்கலாம்.

ஆனால் ஒரு மறுப்பை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை: சொபியெஸ்கியும் லொரேனும் ஒன்றாக வேலை செய்திருக்கவே மாட்டார்கள் என்பது. சொபியெஸ்கிக்கு மிஹாவிடம் இருந்தது அரசியல் பகை மட்டுமல்ல. போர் தெரியாதவன் கையில் படை போய்விட்டதே என்ற ஒரு படைவீரனின் எரிச்சலும், ஸாமோஷ்ச் சொத்துச் சண்டையும் சேர்ந்தது. லொரேனிடம் அந்த இரண்டும் கிடையாது. 1674-ல் இருவரும் ஒரே அரியணைக்கு நேருக்கு நேர் போட்டியிட்டு, சொபியெஸ்கி வென்றார். அதற்குப் பிறகுகூட லொரேன் பகை பாராட்டவில்லை. 1678-ல் அவர் மணந்தது, மிஹாவின் விதவை எலியனோராவை.

1683 செப்டம்பர் 12 காலையில் வியன்னாவைச் சூழ்ந்திருந்த துருக்கிய முகாமை நோக்கி காலென்பெர்க் மலைச்சரிவில் ஒரு கூட்டுப்படை இறங்கியது. மொத்தத் தலைமை போலந்து மன்னர் சொபியெஸ்கியிடம். இடப்புறம், தன்யூப் ஆற்றை ஒட்டி, பேரரசரின் படையை நடத்தி வந்தவர் லொரேன் சார்ல்ஸ். வலப்புறம் போலந்துக் குதிரைப்படை. காலை முழுக்க இடப்புறத்தார் பள்ளம் பள்ளமாகச் சண்டையிட்டு எதிரியைத் தம் பக்கம் இழுத்து நிறுத்தினார்கள். மாலையில் வலப்புறத்திலிருந்து சிறகு கட்டிய குதிரைவீரர்கள் பாய்ந்தார்கள். இருட்டுவதற்குள் முகாம் காலி.